மேல்வீட்டு டிவியில் ஓடிய டாங்கிகள்

சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடியுங்கள். போன கிழமை எங்கள் வகுப்புக்காரி ஒருத்தியின் மகள் கலியாணத்தில் எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். தலை நரைத்த பொம்பிளை, வேலை முடிந்து வந்ததும் டிவிக்கு முன்னால் காலை நீட்டி இருந்து வீடியோ கேம் விளையாடுகிறாளாம். "உனக்கென்ன விசரே?" என்று கேட்டவளின் கைபேசியில் கலர் மணிகள் உடைபட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அது விளையாட்டு இல்லையாம். சும்மா பொழுது போக்குகிறாளாம்!

உங்கள் பகிடியை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது, அதே மேசையில் இருந்த என் சித்தி சொன்னதுதான். "உவளின்ரை கேமாலதானே அந்த நாளில தேப்பனைப் பொலிஸ் பிடிச்சது" என்றார். நீங்களும் தலையை ஆட்டினீர்கள். முப்பது வருசத்துக்கு மேலாக எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை இப்படித்தான் ஓடுகிறது. அன்றைக்குப் பொம்பிளை மாப்பிள்ளை மேடையில் இருந்தார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது மேடையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கண்டியிலிருந்து அம்பிட்டிய போகும் வழியில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மேல்தட்டில் வீட்டுக்காரச் சிங்கள அம்மா, நோனா என்றுதான் கூப்பிடுவோம். புருசன் காலமாகி, ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்குக்குப் போயிருந்தான். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அப்பாவுக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. அதற்கு முன் இருந்த ஊரில் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது அப்பா காப்பாற்றிக்கொண்டு வந்தது ஒரு குடையும் கந்தோர்ச் சாவிக்கொத்தும் மட்டும்தான். ஆட்கள் ஏன் அப்படியான நேரத்தில் குடையைத் தூக்குகிறார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நோனாவுக்கும் எங்களுக்கும் ஒரு சண்டையும் இல்லை. சித்திரை வருசத்துக்கு மேலிருந்து பாற்சோறும் கொக்கிஸ் பலகாரமும் இறங்கி வரும். தைப்பொங்கலுக்குக் கீழிருந்து பொங்கல் ஏறிப் போகும். என்னை "துவ" என்று கூப்பிடுவார், மகள் என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் ஓடியதே அவருடைய குசினியில்தான்.

அந்த வருசம் கப்பலில் வேலை செய்த மாமா வந்து இறங்கினார். சிங்கப்பூரில் வாங்கிய டிவி கேம் ஒன்று அவருடைய பையில் இருந்தது. அண்ணாவுக்கென்று வாங்கியது. ஆனால் அண்ணா வீட்டில் இல்லை. பொலிஸ் சுற்றிவளைப்பும் பிடிப்பும் கூடிய நேரத்தில், பெடியனை வைத்திருந்தால் ஆபத்தென்று அப்பா அவனை மெட்ராஸில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டிருந்தார். மாமா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கப் பார்த்தார். நான் நின்றேன். "சரி, அவன் வருமட்டும் நீ வைச்சிரு பிள்ளை" என்றார். வைத்திருக்கத்தான் தந்தார். விளையாடத் தரவில்லை.

ஐயோ, அந்தப் பெட்டி! செங்கட்டி நிறமும் பழுப்பு வெள்ளையும். கேம் கசட்டை மேலே வைத்து அமத்தினால் 'டக்' என்று இறங்கும். படம் வராவிட்டால் எடுத்து வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப அமத்த வேண்டும். கொஞ்ச நேரம் ஓடினால் அடப்டர் சூடாகி ஒரு மணம் வரும், ரேடியோக் கடைக்குள் வருமே, அந்த மணம். கையில் பிடிக்கிறதற்கு ஜாய்ஸ்டிக் என்று பேர், குச்சி ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் சிலுவை மாதிரி நான்கு திசை, மற்றப் பக்கம் இரண்டு சிவப்புப் பொத்தான். என் பெருவிரலில் காய்ப்பு வந்து அம்மா அதற்கு நல்லெண்ணெய் பூசிவிட்டார்.

எனக்குப் பிடித்தது டாங்கி கேம். மேலிருந்து பார்க்கிற மாதிரிப் படம். செங்கல் மதில்கள், நடுவில் ஓர் ஆறு, கீழே மதிலுக்குள் ஒரு கொடி. என்னுடைய மஞ்சள் டாங்கி அந்தக் கொடியைக் காக்க வேண்டும். மேலிருந்து சாம்பல் டாங்கிகள் இறங்கி வரும். வெளியே உண்மையான சண்டை நடந்துகொண்டிருந்த நாட்டில், டாங்கி ஓட்டி விளையாட உனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. வெளியில் என்ன நடந்தாலும் நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க வேண்டியவர்கள். அந்தப் பெட்டிக்குள் நான் சுட்டால் மதில் உடைந்தது.

நான் விளையாடினது எட்டு மணிக்கு. அந்த நேரம் சிங்களச் செய்தி போகும். எங்கள் வீட்டில் அதை யாரும் பார்ப்பதில்லை. அப்பா தமிழ்ச் செய்தியோடு சரி, பிறகு பேப்பரோடு கதிரையில் சாய்ந்துவிடுவார். அம்மா குசினியிலிருந்து, "கண்டறியாத ஒரு விளையாட்டு! பொம்பிளைப் பிள்ளை செய்யிற வேலையே இது?" என்று ஒருதரம் சொல்லிவிட்டுப் பிட்டு அவிக்கப் போவார். அப்பா திரையைப் பார்க்கவும் மாட்டார்.

நான் விளையாடத் தொடங்கினால் மேலே 'டமார் டமார்' என்று ஒரு சத்தம் கேட்கும். நோனா டிவியில் அறைகிறார். அந்த நாளில் டிவிக்கு வருத்தம் வந்தால் எல்லோரும் செய்த வைத்தியம் அதுதானே. பாவம், நோனாவின் டிவி பழசு என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த டாங்கியைச் சுட்டேன்.

எங்கள் மலைக்குப் படம் ஒழுங்காக இழுக்காது. அதனால் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே அன்டெனா. மூங்கில் கம்பத்தில் கட்டி, பலாமர உயரத்துக்குத் தூக்கி, ஒரு வயரை இரண்டாகப் பிரித்து இரண்டு வீட்டுக்கும் விட்டிருந்தது. மாமா எங்கள் டிவியின் பின்னால் அன்டெனா வயரையும் கேம் வயரையும் ஒன்றாக முறுக்கி மாட்டிவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். என்னுடைய படம் எங்கள் டிவியோடு நிற்காமல், அந்த வயர் வழியே மேலேயும் ஏறிப் போனது. இது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நோனா பக்கத்திலிருந்து பாருங்கள். மகன் வடக்கில் நிற்கிறான். அவன் உயிரோடு இருக்கிறானா என்று அறிய அவர் எட்டு மணிச் செய்திக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு இருக்கிறார். செய்தி வாசிக்கிறவரின் முகத்துக்கு மேலே மெல்ல ஒரு வரைபடம் எழும்புகிறது. மதில், ஆறு, முகாம் மாதிரி ஒன்று. அதில் டாங்கிகள் நகர்கின்றன, வெடிக்கின்றன. கீழ்வீட்டில் தமிழர்கள். அந்த வீட்டுப் பெடியனைக் கொஞ்சக் காலமாகக் காணவில்லை.

அவர் பயந்திருப்பார். பயந்தது எனக்கு விளங்குகிறது. ஆனால் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு மாடிப்படி. பாற்சோற்றுத் தட்டோடு இறங்கி வந்த அதே படியால் இறங்கி வந்து, 'துவ, இது என்ன?' என்று கேட்டிருக்கலாம். அவர் முன்வாசலால் இறங்கிப் பொலிசுக்குப் போனார். அவருடைய பயத்தை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த மாடிப்படியை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

காலையில் அப்பா முகம் வழித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். வீட்டில் படம் அனுப்புகிற மெஷின் இருக்கிறதாமே, விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வா என்றார்கள். அப்பா ஒரு பக்கக் கன்னத்தில் சவர்க்கார நுரையோடு சேட்டை மாட்டினார். வாசலில் அம்மாவிடம், "உவளின்ரை பெட்டியைப் பற்றித்தான் போல கிடக்கு. பயப்பிடாதை, வாறன்" என்றார். பின்னேரமாகியும் வரவில்லை.

அம்மா அழவில்லை. டிவிக்குப் பின்னாலிருந்து வயர்களைப் பிடுங்கி, பெட்டியை ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டினார். "இந்தச் சனியன் வீட்டில கிடந்தால்தானே கேட்பாங்கள். பின்பள்ளத்துக்குள்ள எறிஞ்சுபோட்டு வாறன்" என்றார். செருப்பு மாட்ட அவர் அறைக்குப் போன இடைவெளியில் நான் சாக்கை அவிழ்த்தேன். பெட்டியை எடுத்து அழுக்கு உடுப்புக் கூடைக்குள் தாட்டேன். சாக்குக்குள் அம்மாவின் ஸ்திரிக்கைப் பெட்டியைப் போட்டுத் திரும்பக் கட்டினேன். அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய், பள்ளத்துக்குள் வீசி, அது உருண்டு போகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து கை கழுவினார்.

அப்பாவைக் காப்பாற்றுகிற யோசனையில் நான் ஒளித்தேன் என்று கதை கட்டலாம். பொய் எதற்கு? அது என்னுடைய பெட்டி. அதனால் ஒளித்தேன். அப்பா இல்லாத அந்த இரவில் படுத்திருந்து யோசித்தபோதுதான் மேல்வீட்டு 'டமார்' மண்டைக்குள் கேட்டது. நான் விளையாடுகிற நேரத்தில் மட்டும் கேட்கிற சத்தம். விளையாடாத நாட்களில் நோனாவின் டிவிக்கு ஒரு வருத்தமும் வந்ததில்லை. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "வாயைப் பொத்திக்கொண்டு படு. பெட்டியும் இல்லை, ஒண்டும் இல்லை. ஆர் கேட்டாலும் அதுதான் கதை" என்றார்.

மறுநாள் மத்தியானம் ஜீப் வந்தது. ஓர் இன்ஸ்பெக்டரும் ஒரு பொலிஸ்காரரும், நடுவில் அப்பா. நேற்றைய சேட்டு. ஒரு கன்னத்தில் மட்டும் தாடி நரையாக முளைத்திருந்தது. அடித்தார்களா என்று நான் பிறகு எத்தனையோ தரம் கேட்டேன். "சீச்சீ" என்பார், அவ்வளவுதான்.

"மெஷினைக் கொண்டு வா" என்றார் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்தினார். "அப்படி ஒரு மெஷினும் எங்கள் வீட்டில் இல்லை மாத்தயா."

அப்பாவின் முகம் செத்துப்போனது. ஏனென்றால் அவர் ஸ்டேஷனில் வேறு கதை சொல்லியிருந்தார். அது டிவி கேம், தான்தான் ஒவ்வொரு நாளும் விளையாடுவதாக. யார் விளையாடுவது என்று கேட்டிருக்கிறார்கள். டிவி கேம் என்றால் பெடியன்களின் சாமான். பெடியன் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. இந்தியாவில் என்று சொன்னால், தமிழ்ப் பெடியன் இந்தியாவுக்கு எதற்குப் போவான் என்று அவர்களுக்கு ஒரே விடைதான் தெரியும், இயக்கத்தில் சேர்ந்து ஆயுதப் பயிற்சி எடுக்க. அதனால் அப்பா அண்ணாவை மறைக்கத் தன்னைச் சொன்னார். அம்மா அப்பாவை மறைக்கப் பெட்டியை இல்லையென்றார். இரண்டு பேரும் அன்பில் சொன்ன பொய்கள், நடு ஹோலில் மோதிக்கொண்டு நின்றன.

"இவன் ஒவ்வொரு நாளும் விளையாடுகிறானாம். நீ அப்படி ஒன்றே இல்லை என்கிறாய்" என்றார் இன்ஸ்பெக்டர். சத்தம் போடவில்லை. மெல்லத் திரும்பி அலுமாரிக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தார். கிரிக்கெட் மட்டையோடு அண்ணா. "இது யார்? எங்கே இவன்?"

பொலிஸ்காரர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். இனி அப்பா மட்டும் இல்லை, அண்ணாவும் சேர்ந்து போகப் போகிறான் என்பது எனக்கே விளங்கியது.

நான் உள்ளே போனேன். அழுக்கு உடுப்பை நிலத்தில் கொட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பள்ளத்துக்குள் உருண்டது பிறகு என்ன என்று யோசித்திருப்பார். முன்பு இருந்த மாதிரியே வயர்களை முறுக்கி மாட்டி, கசட்டை ஊதி அமத்தினேன். படம் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஜாய்ஸ்டிக்கை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "விளையாடு பார்ப்போம்."

அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்தார்.

நான் சிரிக்கவில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள். கந்தோரில் பேனை பிடித்த கை, ஏதோ ஒரு பொத்தானை அமத்தியது. மஞ்சள் டாங்கி கீழே திரும்பித் தன்னுடைய மதிலையே சுட்டது. இன்னொரு குண்டு, கொடி போய்விட்டது. ஆட்டம் முடிந்தது என்று மெஷின் பாட்டுப் போட்டது.

"ஒவ்வொரு நாளும் விளையாடுகிறவன்" என்றார் இன்ஸ்பெக்டர். இப்போது அவர் குரல் மாறியிருந்தது.

அம்மா என் தோளைப் பிடித்து அமத்தினார். நான் உதறிக்கொண்டு போய் அப்பாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"ஏக மகே" என்றேன். இது என்னுடையது. "விளையாடுவது நான். அப்பாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது."

இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இரட்டைப் பின்னல், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. "பெண்பிள்ளைகள் இதை விளையாடுவதில்லை."

"மேலே ஆளை அனுப்பிவிட்டுப் பேசுங்கள். நோனாவின் டிவியைப் போடச் சொல்லுங்கள். நான் இங்கே விளையாடுவதுதான் அங்கே தெரிகிறது."

இன்ஸ்பெக்டரிடம் இப்படிப் பேசலாமா என்று இன்றைக்கு நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அன்றைக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. வீட்டிலுள்ள எல்லோரைப் பற்றியும் கேட்கிறார்கள், இல்லாத அண்ணாவைப் பற்றிக்கூடக் கேட்கிறார்கள், நடு ஹோலில் நிற்கிற என்னை ஒருவரும் கேட்கவில்லையே என்ற கோபம்.

பொலிஸ்காரர் மேலே போனார். கதிரை இழுபடும் சத்தம், நோனாவின் குரல், டிவி இரைகிற சத்தம். நான் தொடங்கினேன். வலதால் ஒன்று, சுட்டேன். ஆற்றோரம் ஒன்று, சுட்டேன். மேலே யன்னலால் தலையை நீட்டி, "சேர், ஆவா! டாங்கி ஆவா!" என்று பொலிஸ்காரர் கத்தினார், வந்துவிட்டது என்று. நான் அன்டெனா வயரைக் கழற்றினேன். "கியா!" என்றார், போய்விட்டது. திரும்ப மாட்டினேன். "ஆவா!" இன்ஸ்பெக்டர் தானே மேலே ஏறிப்போய்ப் பார்த்தார். இறங்கி வந்து இன்னொருதரம் கழற்றி மாட்டச் சொன்னார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

எங்களிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "சின்னப்பிள்ளை விளையாட்டுக்கு இவ்வளவு பொய்யா?" என்று அப்பாவைத்தான் ஏசினார். அண்ணாவைப் பற்றித் திரும்பக் கேட்கவில்லை. ஜீப் திரும்பும்வரை அப்பா வாசலில் நின்று, "ஸ்துதி சேர், ஸ்துதி" என்று கும்பிட்டுக்கொண்டே நின்றார். எதற்கு நன்றி? ஒரு இரவு முழுக்க அடைத்து வைத்ததற்கா? நோனா மேல்படியில் நின்றார். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது சித்திக்கு ஒன்று சொல்கிறேன். என்னோடு படித்த முஸ்லிம் பிள்ளை ஒருத்தியின் மடவளை வீட்டிலும் இதே மாதிரிப் பெட்டி இருந்தது. அவர்கள் விளையாடினாலும் பக்கத்து வீட்டு டிவியில் படம் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டி அவளின் தகப்பனிடம், "நானா, உங்கட புள்ளைகள்ட கேமால எங்களுக்கு ஒண்டும் பார்க்க ஏலாம இருக்கி" என்று கத்திவிட்டுப் போனார். அதோடு சரி. பெட்டி ஒன்றுதான், வயரும் ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஜீப் வந்தது. என் அப்பா கேமால் பொலிசுக்குப் போகவில்லை. தமிழனாக இருந்ததால் போனார். கேமால் திரும்பி வந்தார்.

அன்றைக்கு அப்பா குளித்து, மற்றக் கன்னத்தையும் வழித்து, சாப்பிட இருந்தார். அம்மா ஸ்திரிக்கைப் பெட்டியைத் தேடி அறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தார். போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்ப்பார். இரண்டு வாய் சோறு இறங்கியதும் அப்பா சொன்னார், "நாளைக்கு உந்தப் பெட்டியை ஆருக்கும் குடுத்துப்போட வேணும். எங்களுக்கேன் தேவையில்லாத வில்லங்கம்."

"உது இல்லாட்டி நீங்கள் இப்ப இதில இருந்து சோறு சாப்பிடமாட்டியள் அப்பா" என்றேன்.

"அடியே, வாய்!" என்று அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்பா கையைக் காட்டி மறித்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார்.

நான் எழும்பிப் போனேன். அன்டெனா வயரைக் கழற்றிச் சுவரோரம் போட்டேன். கசட்டை ஊதி அமத்தினேன். மேல்வீட்டில் மூச்சுச் சத்தமும் இல்லை. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து தொடங்கினேன். யாராவது வந்து பெட்டியைப் பிடுங்கட்டும் பார்ப்போம் என்றுதான் இருந்தேன். என் முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

அப்பா கை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு கதிரையை இழுக்கிற சத்தம். வழமையாகக் கதிரை யன்னல் பக்கம் போகும். அன்றைக்கு எனக்குப் பின்னால் வந்து நின்றது. பேப்பர் விரிகிற சத்தம் வரவில்லை. முதலாம் கட்டம் முடிந்தது. இரண்டாம் கட்டமும் முடிந்தது. மூன்றாவதில் சாம்பல் டாங்கிகள் கெதியாக இறங்கத் தொடங்கின. நான் ஆற்றுப் பக்கத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை" என்றார் அப்பா, மெல்ல. "அங்கால மதிலுக்குப் பின்னால ஒண்டு வருது."

"தெரியும்" என்றேன், திரும்பிப் பார்க்காமலே.